பக்கவாட்டில் ஒரு தாரை

நாலாவது நிமிசத்தில் படகு நின்றது.
தவரூபன் லொறி ரியூபில் படுத்து, கையால் வலித்துப் போய்
தாமரைக் கொடிக்குள் இருந்து இழுத்து வந்தான்.
மூடியைத் திறந்தேன்.
அடுப்படி முகத்தில் அடித்தது.

சாப்பாட்டுப் பெட்டி. விளிம்பு முழுக்கச் சிலிக்கன்.
ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை,
அதுதான் பிழை.
தண்ணிக்கு அடைத்த கதவு
சூட்டுக்கும் அடைபட்டுப் போச்சு.
வவுனிக்குளம் முழுக்கச் சுற்றிவரக் கிடக்க
நடுவில் கொன்ட்ரோலர் வெந்து கிடந்தது.
மூவாயிரத்து எண்ணூறு ரூபா.

முதலில் காற்றாடி வைத்தோம்,
பழைய கொம்பியூட்டரில் கழற்றினது.
மூடின பெட்டிக்குள் அது
சூட்டை எடுத்துச் சூட்டுக்கே விசுக்கியது.
பிறகு ஓட்டை போட்டோம்.
அலைகரைக் கல்லில் பட்டுத் திரும்பின சின்ன அலையொன்று
ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தது.
இன்னொரு மூவாயிரத்து எண்ணூறு.

ஓட்டை என்னுடைய யோசனை.
இரண்டு கிழமை அவன் கதைக்கவில்லை.
மல்லாவிக் கடையில் எதிரெதிர் மேசை;
நான் போன்களுக்குத் திரை மாற்ற
அவன் சார்ஜர் பின் ஒட்ட
சோல்டர்ப் புகை மட்டும் போய்வந்தது.

பழைய இரும்புக்காரர்
பிரிஜ் ஒன்றின் செப்புக் குழாயை நிறுத்துத்தான் தந்தார்.
வெறுமனே வளைத்தால் மடிந்து நசியும்.
அரித்த மணலை நிரப்பி
இரு முனையும் மெழுகால் அடைத்து
மோட்டரின் வயிற்றில் மூன்று சுற்று.
பிறகு தட்டித் தட்டி மணலைக் கொட்டி
வாயை வைத்து ஊதினேன்.
மறுமுனையில் தவரூபனின் காது.
"வருது" என்றான்.
இரண்டு கிழமையில் அவனுடைய முதல் சொல்.

ரியூப் என்னிடம் இருந்தது.
டெங்குவில் கிடந்தபோது எனக்குச் சேலைன் ஏறினது.
கழற்றின நேர்ஸிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன்,
எதுக்கெண்டு தெரியாமல். கடைக்காரப் புத்தி.
புரொப்பலருக்குப் பின்னால் ஒரு வாய்.
அங்கிருந்து ரியூப்,
கொன்ட்ரோலருக்குக் கீழே அலுமினியத் தகடு,
மோட்டரைச் சுற்றின செம்பு,
கடைசியில் பக்கவாட்டில் ஒரு துவாரம்.
பம்ப் இல்லை.
படகு பின்னால் தள்ளுகிற தண்ணியே
முட்டிக்கொண்டு ஏறி
ஒன்றையும் நனைக்காமல் எல்லாவற்றையும் தடவி
வெளியே போகவேணும்.

போச்சு.
மதிலோரம் நிற்கிற சின்னப் பெடியன் மாதிரி
வளைந்த ஒரு தாரை.
தவரூபன் சிரித்துச் சிரித்து ரிமோட்டை விடப் பார்த்தான்.
தாரை தெரிகிறவரைக்கும் பயமில்லை.
ஒருதரம் அது மெலிந்து நூலாகி நின்றது:
வாய்க்குள் பாசி.
அடுத்த நாள் தேத்தண்ணி வடியை வெட்டி
வலை கட்டினோம்.
அம்மாவுக்கு இன்னும் வடி வாங்கிக் குடுக்கவில்லை.

துருசடியில் மோட்டர்சைக்கிளை நிறுத்தினார்
பொலிஸ்காரர்.
"என்னது?"
"படகு சேர்."
"எதுக்கு?"
"சும்மா."
இந்தப் பக்கத்தில் சும்மா எண்டது காரணமாகாது.
வயர், பற்றறி, ரிமோட் மூன்றும் ஒரே பையில் கிடந்தால்
வேறு வேறாய்க் கொண்டுபோ என்கிற வீட்டில்
வளர்ந்தவர்கள் நாங்கள்.
அடையாள அட்டை இலக்கம் இரண்டையும் எழுதினார்.
எழுதி முடித்தும் போகவில்லை.
படகு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
பதினொரு நிமிசம், பன்னிரண்டு,
வெயில் சரிந்து தாரை செம்பு நிறமாகும்வரை.

கரைக்கு வந்ததும் திறக்கச் சொன்னார்.
திறந்தேன்.
காய்ச்சல் பார்க்கிற மாதிரி
புறங்கையைத் தகட்டில் வைத்தார்.
"ரத் வெலா நே," என்றார், தனக்குத்தானே.
சூடேறேல்லைத்தான்.
கொப்பியில் அதை எழுதினாரா தெரியாது.

அவர் போனபிறகு திரும்ப ஓடவிட்டு
தாரைக்குக் கீழே கையைப் பிடித்தேன்.
இளஞ்சூடு.
இவ்வளவும் குளத்துக்குத்தான் போகுது,
குளத்துக்குத் தெரியவே தெரியாது.

தவரூபன் பெட்டியின் மற்ற மூலையைத் தொட்டுப்பார்த்துக் கையை இழுத்தான்.
"பற்றறி," என்றான்.
"இனி இது சுடுது."