முப்பத்தொன்று

நீடாமங்கலம் தாண்டினால் சாலை ஆற்றங்கரையோடு ஒட்டிக்கொள்ளும்.
இருபுறமும் சம்பா, பால் பிடிக்கிற பருவம்.
பொலிரோவின் பின்னால் கண் பரிசோதனைப் பெட்டி,
வெள்ளை, இரண்டே சக்கரம்.

நேற்றுவரை சாது.
கொரடாச்சேரிக்கு முன்னால் ஒரு பஸ் எங்களைத் தாண்டியது.
அதன் காற்று பெட்டியைத் தோளால் இடித்தது.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
வால் இடப்பக்கம் போகிறது,
வலப்பக்கம் வருகிறது,
மறுபடி போகையில் முன்னைவிட ஒரு முழம் கூடுதல்.

பிரேக்கை மிதி என்றது கால்.
மிதித்தால் முன்வண்டி அடங்கும், பின்வண்டிக்கு அது தெரியாது,
தள்ளிக்கொண்டே வந்து
பேனாக்கத்தியைப் போல எங்களை மடக்கிவிடும்.
எதிர்ப்பக்கம் ஒடி என்றது கை.
ஒடித்தால் நானும் அதோடு சேர்ந்து ஆடுவேன்,
அதற்கு வேண்டியதே அதுதான்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தேன்.
எழுபத்திரண்டு.
அறுபத்தொன்று.
ஜெசிந்தா சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை,
டேஷ்போர்டில் விரல்கள் வெளுத்திருந்தன.
ஐம்பது.
நாற்பதுக்கு வந்ததும்
நனைந்த நாய்போல ஒருமுறை சிலுப்பிவிட்டு
அடங்கியது.

மதகோரம் நிறுத்திக் கதவைத் திறந்தால்
தண்ணீர் டிரம் இரண்டும் பின்சுவரோடு,
பேட்டரியும் அங்கே, கண்ணாடிப் பெட்டிகளும் அங்கே.
அச்சுக்கு முன்னால் வெறும் தரை.
எவன் இப்படி ஏற்றியது என்று கத்த வாயெடுத்தேன்.
நான்தான்.
இறக்கச் சுலபமாக இருக்குமே என்று.

சிஸ்டர் நோயாளிகளின் எடை மெஷினைத் தூக்கி வந்தாள்.
சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கொக்கியைக் கழற்றி,
அதன் கழுத்தை மெஷினில் இறக்கினோம்.
முப்பத்தொன்று.
“ஆள் மொத்தம் எவ்வளவு?”
“எண்ணூறு இருக்கும்.”
“கழுத்துல?”
“எண்பதுக்குக் குறையக் கூடாது. நூறைத் தொட்டாலும் நல்லது.
கழுத்து லேசானா வாலுக்குத் திமிர் வந்துடும்.”
பதிவேட்டில் அன்றைய முதல் பெயராக அதை எழுதினாள்.
வயது என்ற இடத்தில் ஒரு கோடு.

டிரம்களை அச்சுக்கு முன்னால் உருட்டினோம்.
பேட்டரியை நடுவில், தரையோடு கட்டினோம்.
தொண்ணூற்று நான்கு.

பிறகு ஐம்பத்தைந்துக்கு மேல் போகவில்லை.
இரண்டு பஸ், ஒரு நெல் லாரி தாண்டின.
கண்ணாடியில் பெட்டி
கோடு போட்டதுபோல வந்தது.

அம்மையப்பன் முகாமில் எழுத்து அட்டையின் ஸ்டாண்ட் வளைந்திருந்தது,
நானே அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
முதல் ஆள் ஜபருல்லா, அரிசி மில் கணக்கர்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.
“எழுத்தெல்லாம் தெரியுதுங்க,
ஆனா ஆடுது” என்றார்.
சிஸ்டர் என் பக்கம் திரும்பினாள்.

அவர் கண்ணில் கோளாறில்லை.