போர்வெனீருக்கு ஒரு டிக்கெட்

ஜனவரியில் இணைத்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.
சோதனை அட்டைக்கு மறுக்கத் தெரியாது.
என்ன தொகை கேட்டாலும் சம்மதம்,
எந்தக் காலாவதித் தேதி போட்டாலும் சம்மதம்,
அட்டைக்காரர் பெயர் என்ற கட்டத்தில்
என் பூனையின் பெயரை அடித்தேன்,
அதற்கும் சம்மதம்.
அதை நம்பித்தான்
புந்தா அரேனாஸ் துறைமுகத்தின்
கண்ணாடிக் கவுண்டரைப் பூட்டிவிட்டு
'இனி இணையத்தில் மட்டும்' என்று
என் கையாலேயே ஒட்டினேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு.
நீரிணையில் காற்று. கப்பல்
கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.
நிபால்தோ ஓயார்சோ மேசைக்கே வந்து
தொப்பியைக் கழற்றாமல் போனை நீட்டினார்.
மூன்று வரி. மூன்றிலும்
ஏழாயிரத்து எண்ணூறு பேசோ.
"நான் ஒரு ஆள்தான், யாஸ்னா.
நாயைச் சேர்த்தாலும் இரண்டு."
டிக்கெட் ஒன்றுகூட இல்லை.

பணம் போகவில்லை என்றேன்.
"அப்படியானால் இருக்கிறதா?"
இருக்கவும் இல்லை.
உங்களுக்கும் இல்லாமல் எங்களுக்கும் இல்லாமல்
வங்கி அதை எடுத்துத் தனியே வைத்திருக்கிறது,
ஏழு நாளில் தானாகத் திரும்பிவிடும்.
அவர் ஜன்னல் வழியே கப்பலைப் பார்த்தார்.
அது ஏழு நாள் நிற்காது.

லாகைத் திறந்தேன்.
வங்கி வரம் கொடுத்திருக்கிறது.
டோக்கன் வந்திருக்கிறது.
அதில் கையெழுத்திட்டு, நேரம் குறித்து
சாந்தியாகோவுக்குத் திருப்பி அனுப்பும் இடத்தில்
பேமென்ட் கேட்வே, அந்தப் பூசாரி,
விடிய விடிய ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது,
நூற்றுப் பன்னிரண்டு முறை:
கோரிக்கை செல்லாது.

ஏன் என்று சொல்லாத மறுப்பு.
ரகசியச் சாவியை மாற்றினேன்,
பழையதையே திரும்ப வைத்தேன்.
சான்றிதழ் காலாவதியா? இல்லை.
தொகையில் புள்ளி ஏதும் நுழைந்துவிட்டதா?
பேசோவுக்குச் சில்லறையே கிடையாது, புள்ளிக்கு என்ன வேலை.
ரொட்டியில் வெண்ணெய் தடவி
அப்படியே மறந்துபோனேன்.
நாலு மணிக்கு ஒருவழியாக
உதவி எண்ணில் லெயாந்த்ரோ என்றொரு பையன் கிடைத்தான்,
தூக்கம் கலையாத ஞாயிற்றுக்கிழமைக் குரல்.
"உங்கள் கோரிக்கைகள்
வருங்காலத்திலிருந்து வருகின்றன, மேடம்."

சிரித்துவிட்டேன்.
நாங்கள் டிக்கெட் விற்பதே அங்கே போகத்தான்.
அக்கரை ஊரின் பெயர் போர்வெனீர்,
எங்கள் மொழியில் வருங்காலம்.
அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.
"இங்கே இப்போது மூன்று பத்து" என்றான்.
என் சுவரில் நாலு பத்து.

நேற்று நள்ளிரவு வடக்கே எல்லோரும்
கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.
தெற்குக் கோடியில் நாங்கள் தள்ளுவதில்லை,
வருடம் முழுக்க எங்களுக்கு ஒரே நேரம்.
கோடையில் இரண்டு கடிகாரமும் ஒத்துப்போனதால்
என் பிழையும் என்னோடு சேர்ந்து
மூன்று மாதம் சம்பளம் வாங்கியிருக்கிறது.

திருத்தம் ஒரே வரி.
ஊர் நேரத்தை விடு, உலக நேரத்தைக் குறி
என்று சர்வருக்குச் சொன்னேன்.
பிறகு என் சொந்த அட்டை.
பூனை இல்லை, என் முழுப் பெயர்,
பதினாறு இலக்கம், பின்பக்கத்து மூன்று.
விரல் தயங்கியது:
இதற்கு மறுக்கத் தெரியும்.
சக்கரம் சுற்றியது. சுற்றியது.
பச்சை.

முதலாளி க்ளோரிண்டா போனில் கேட்டாள்,
என்னதான் கோளாறு?
ஒரு மணி நேரம், என்றேன்.
"ஒரு மணி நேரமா?
காலை எட்டிலிருந்து அங்கேதானே கிடக்கிறாய்!"
விளக்கவில்லை.

காற்று தணிந்து கப்பல் ஊதியபோதும்
நாலாவது முறை அட்டையைத் தொட
நிபால்தோ மறுத்துவிட்டார்.
என் பேரில் வந்த டிக்கெட்டை
அவர் பேருக்கு மாற்றினேன்.
கசங்கிய தாள்களை எச்சில் தொட்டு எண்ணி
காய்ந்த ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.
இருநூறு குறைந்தது.
அப்புறம் தருகிறேன் என்று
படியிறங்கிப் போனார்,
நாய் முன்னால்.