ஒற்றைப்படை

யுவாஸ்கூலாவில் பிப்ரவரி. ஏரி கல்லாய்க் கிடக்கிறது.
நிலவறையில் இரவுப் பணிக்கு மூன்று பேர்,
ஒரு காந்தம்,
காந்தத்தின் வயிற்றில் சுற்றிச் சுற்றி வரும்
ஒரே ஒரு வெள்ளீய அயனி.

சுற்றும் வேகம் தெரிந்தால் நிறை தெரியும்.
நிறை தெரிந்தால், கட்டுண்டு நிற்க
அது எவ்வளவு இழந்ததென்று தெரியும்.
சேர்ந்திருக்க எடை குறைந்தாக வேண்டும்.
எங்கள் கணக்கின் முதல் வரி இதுதான்.

ஹில்க்கா திரையில் புள்ளி வைக்கிறாள்.
வந்து சேரும் நியூட்ரானுக்குக் கொஞ்சம் பிடிப்பு.
அடுத்ததற்கு நல்ல பிடிப்பு.
மறுபடி கொஞ்சம். மறுபடி நல்லது.
கோடு சீராய்ச் சரியக் காணோம்,
ரம்பப் பல்லாய் ஏறி இறங்குகிறது,
மூடிய கையை நீட்டி யாரோ
ஒற்றையா இரட்டையா என்று
விடிய விடியக் கேட்பதுபோல.

"ஜோடி" என்றேன்.
"காதல்" என்று இழுத்தான் ஒன்னி.
ஹில்க்கா திரும்பவில்லை.
"ஒன்று இப்படிச் சுழலும், மற்றது அப்படி.
கூட்டினால் பூஜ்ஜியம்.
ஒரே பாதையில் எதிரெதிராய் ஓடுவதால்
அடிக்கடி நெருங்க நேர்கிறது. அவ்வளவுதான்."
பிரித்துப் போட
இரண்டு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், கொஞ்சம் மேலே.
அவளுடைய விவாகரத்துக்கு எவ்வளவு ஆயிற்றென்று
நாங்கள் கேட்கவில்லை.

வெள்ளீயத்துக்குச் சிதையாத வடிவங்கள் பத்து.
அடுத்த கட்டத்து ஆன்டிமனிக்கு இரண்டே இரண்டு.
ஒரு புரோட்டான் துணையில்லாமல் நின்றதற்கு
இவ்வளவு அபராதமா?
இரண்டு பக்கமும் ஒற்றை என்றால்
கேட்கவே வேண்டாம்.

மூன்றரைக்கு ஜெர்மானியம் உணரி சூடேறி மணியடித்தது.
ஒன்னி குடுவையைச் சாய்த்தான்.
திரவ நைட்ரஜன் புகைந்து
எங்கள் பூட்ஸுகளைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

ஏழு புரோட்டான். ஏழு நியூட்ரான்.
விரல் விட்டு எண்ணினேன், இரண்டு தடவை.
மூன்று ஜோடி, ஒன்று மீதி.
மூன்று ஜோடி, ஒன்று மீதி.
மீந்த இரண்டும், வேறு வேறு இனம்,
எதிரெதிராய்ச் சுழலாமல்
ஒரே பக்கமாய்ச் சுழன்று
ஒன்றையொன்று விடாமல்.

"விதிக்கு இது தெரியாதா?"
"தெரியும். லேசானவர்களில் நாலு பேரை
விட்டு வைத்திருக்கிறது"
என்றாள் ஹில்க்கா, கொட்டாவியோடு.

நூற்று முப்பத்தொன்றாம் வெள்ளீயம்
எங்களுக்கு அகப்படவில்லை.
அது பாதியாய்க் குறைய ஒரு நிமிடம்கூட ஆகாது.
புள்ளி இருக்கவேண்டிய இடத்தைக் காலியாய் விட்டு
காலைப் பணிக்காரர்களிடம் ஒப்படைத்தோம்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
வேலிக் கம்பத்தில் ஒரு கையுறை,
யாரோ தவறவிட்டது, யாரோ மாட்டிவைத்தது,
விரல்கள் வானம் பார்த்து.
இந்த ஊரில் அதை யாரும் எடுத்துப்போவதில்லை.

ஒன்னி பேருந்துக்கு ஓடினான்.
நான் மூச்சை உள்ளே இழுத்தேன்:
ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கு
ஒற்றைப்படை.