இரைச்சல் நின்ற கை

பாடாங் செராயில் கரண்டு போன ராத்திரிகளில்
என் இடது கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.
தமனியையும் சிரையையும் கோத்த இடம்.
பரஞ்சோதி காதை வைத்துப் பார்ப்பார்:
"ஐஸ்பெட்டி ஓடுது, தூங்கு."

ஆறு வருஷம்.
வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு ஊசி.
பிறகு தம்பி புகழேந்தி ஒரு சிறுநீரகம் கொடுத்தான்.
அன்றிலிருந்து என் வீட்டுக் கறியில்
பெரிய துண்டு அவனுக்கு. கேட்பதில்லை, எடுத்துக்கொள்வான்.

இனி அந்த இணைப்பு வேண்டாம்,
இதயம் சும்மா உழைக்கிறது என்றார்கள்.
கட்டி மூடினார்கள்.
அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தது பரஞ்சோதிதான்.

செம்பனை ஆலை எடைமேடையில் எனக்கு வேலை.
நிறைந்த லோரி ஏறும், காலி லோரி இறங்கும்,
கழித்துப் பார்த்துச் சீட்டுக் கிழிப்பேன்.
நாலாம் வருஷம் ஒரு காலை
சீட்டின் ஓரம் மோதிர விரலுக்குத் தெரியவில்லை.
நகம் மங்குஸ்தீன் தோல் நிறம்.
ஏர்கோன் குளிர் என்று நினைத்து அதை அடைத்தேன்.

முழங்கைக்கு மேலே, உள்பக்கம்,
முதலில் ஒரு கொட்டைப்பாக்கு,
தீபாவளிக்குள் ஒரு டுக்கு பழம்.
தொட்டால் எழுந்தது, அமர்ந்தது, எழுந்தது.

டாக்டர் ரொஸ்னிதா சந்திப்பு அட்டையின் பின்னால் வரைந்தார்.
மலாயில் அவர் சொன்னது எனக்குத் தமிழில் இப்படி விழுந்தது:
வழியை மூடினோம்,
தமனி இன்னும் பழைய வெள்ளத்துக்கே விரிந்து கிடக்கிறது.
வீங்கிய இடத்தில் ரத்தம் தேங்கி உறைந்து
துணுக்குத் துணுக்காக விரலுக்கு இறங்குகிறது.

மூன்றாம் டிவிஷன் ரோடு ஞாபகம் வந்தது.
லோரிக்காக அகலமாக்கினார்கள்;
கம்பெனி வேறு பாதை போட்டுவிட்டது.
இப்போது அதில் மழை நிற்கிறது, மாடு படுக்கிறது.
சொல்லவில்லை. டாக்டரிடம் மாட்டைப் பற்றி என்ன சொல்வது.

வீக்கத்தை வெட்டி எடுத்து
தொடையிலிருந்து ஒரு நரம்பை இடையில் தைத்தார்கள்.
"மறுபடியும் யாருகிட்ட கடன்?" என்றான் புகழேந்தி.
என் காலிடமே வாங்கியது என்றேன்.
அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நேற்று மறுபடி கரண்டு போனது.
கேட்காமலே கையை நீட்டினேன்.
பரஞ்சோதி காதை வைத்தார், எடுத்தார்,
இன்னொரு தடவை வைத்தார்.
"ஒண்ணும் கேக்கல."

சொல்லித் திரும்பும்போது
சவரம் செய்யாத கன்னம்
மோதிர விரலில் உரசியது.

சொரசொரப்பு.
தெரிந்தது.