மூன்று மில்லிமீட்டர்

கூழ் டின்னுக்கு லேபிள். நாற்பதாயிரம்.
காலையில் பிளேட் போட்டாக வேண்டும்,
சிவகாசியில் மெஷின் காத்திருக்கிறது என்கிறார்
திம்மராயப்பன்,
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே.
கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இரவு பத்தரைக்கு
இந்த ஒரு ஷட்டர்தான் பாதி திறந்திருக்கிறது.

அவர் கொண்டுவந்தது
வாட்ஸப்பில் கைமாறிக் கைமாறித் தேய்ந்த ஒரு மாம்பழம்.
பெரிதாக்கினால் கட்டம் கட்டமாய்
பாத்ரூம் டைல்ஸ்.
"நல்லாத்தானேம்மா இருக்குது?"
போனில் எல்லாமே நல்லாத்தான் இருக்கும், அண்ணா.
சீசனில் மண்டி தூங்குவதில்லை.
மாதேஷை அனுப்பிக் கிளிமூக்கு ஒன்று வாங்கிவரச் சொல்லி,
அண்ணனின் தோள்துண்டை விரித்து
டியூப்லைட்டுக்கு அடியில் நானே படமெடுத்தேன்.
அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி.
காம்பில் வழிந்த பால்கூட விழுந்திருக்கிறது.

திரையில் இருப்பது வெளிச்சம்,
தாளில் விழப்போவது மை.
ஆர்ஜிபியிலிருந்து சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியதும்
மஞ்சளுக்கு முகம் வாடிவிட்டது,
பெண்பார்க்க வந்தவர்கள்
போய்ச் சொல்லியனுப்புறோம் என்றதுபோல.
அவருக்கும் வாடிவிட்டது.
"பழம் காயாட்டம் ஆயிடுச்சே!"
மஞ்சள் நூறு, மெஜந்தா பதினெட்டு.
இருபது.
இருபத்திரண்டு.
பழத்தையே மானிட்டர் ஓரம் சாய்த்து வைத்து
மாறி மாறிப் பார்த்தோம்.
அது ஒன்றும் சொல்லவில்லை, வாசம் மட்டும் வந்தது.
சியானை மொத்தமாகத் துடைத்தேன்.
மஞ்சளில் துளி நீலம் கலந்தால் போதும்,
நாற்பதாயிரம் டின்னும் அழுகல்.

வெட்டுக்கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும்
மூன்று மில்லிமீட்டருக்கு நிறத்தை இழுத்துவிட்டேன்.
"வெட்டி எறியறதுக்கா காசு குடுத்து மை ஊத்தறது?"
கொட்டைக்கும் தோலுக்கும் சேர்த்துத்தானே
நீங்களும் எடை போட்டு வாங்குகிறீர்கள்.
கத்தி நம்ம டவுன் பஸ், அண்ணா.
போர்டு நட்ட இடத்தில் என்றைக்கு நின்றது?
முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்க வேண்டும்.
சிரித்தார்.
பங்கு கேட்டு அடம்பிடிக்கும் மருமகன் பேரை
அந்த மூன்றுக்குள் போட முடியுமா என்று
கொஞ்சம் கழித்துக் கேட்டார்.

சிவகாசிக் கம்ப்யூட்டரில் என் எழுத்துரு இருக்காது.
திறந்தால் தமிழெல்லாம் கொக்கியும் கேள்விக்குறியுமாய் நிற்கும்.
துபாய்க்குப் போகும் டின், அரபியில் வேறு ஒரு வரி,
வலமிருந்து இடமாக, எனக்கு வாசிக்கத் தெரியாமல்.
எல்லாவற்றையும் கர்வ் ஆக்கி சேவ் செய்து மூடினேன்.
இனி அது சொல் இல்லை, வளைவு.
இனித் திருத்த முடியாது.

திருத்த முடியாது என்றான பிறகுதான்
கண்ணில் படுகிறது:
மாம்பழகூழ்.
ஒற்று இல்லை.
பழைய ஃபைலின் மேலேயே
கல்யாணப் பத்திரிகை ஒன்றை சேவ் செய்திருக்கிறான் மாதேஷ்.
"விடும்மா, கூழ் குடிக்கிறவன் இலக்கணமா பார்ப்பான்?"
பார்ப்பான். ஒருத்தன் பார்ப்பான்.

கீழே பொடி எழுத்தில்
குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.
அந்த 'வைக்கவும்' நடுவிலிருந்து க் ஒன்றைப் பிரதியெடுத்து,
பெரிதாக்கி,
பழத்தையும் கூழையும் மயிரிழை மயிரிழையாய் நகர்த்தி
இடையில் செருகினேன்.
கொடுத்த சொல்லுக்கு ஒன்றும் குறையவில்லை.

பிடிஎஃப் போனபோது மணி பன்னிரண்டே கால்.
பழத்தை மூன்று பேரும் அறுத்துத் தின்றோம்.

ஆடி மாதம்
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் ஒரு டீக்கடை.
கிளாஸ் கழுவ வைத்திருந்த டின்னில் என் லேபிள்.
மஞ்சள் பரவாயில்லை.
க் இருக்கிறது.
வலது ஓரத்தில் மட்டும், மேலிருந்து கீழ்வரை,
ஒரு வெள்ளைக் கோடு.
நகத்தை வைத்து அளந்தேன்.
பஸ் நாலு மில்லிமீட்டர் தள்ளி நின்றிருக்கிறது.

டீக்காரர் பார்த்துவிட்டு
"டின்னு வேணுமா?" என்றார்.

இப்போதெல்லாம் ஐந்து விடுகிறேன்.