ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்

முதல் பள்ளியின் படிவத்தில்
சிறப்புத் திறன்கள் என்று ஆறு கோடு விட்டிருந்தார்கள்.
பகா எண்கள், என்று எழுதினேன்.
காரைக்குடி பஸ் ஸ்டாண்டின் எல்லா வண்டி நேரமும்,
நின்றுபோன டவுன் பஸ்கள் உட்பட.
கோடு தீர்ந்து ஓரத்திலும் எழுதினேன்.
எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம் என்றார்கள்.

அழகம்மை பென்சிலைப் பிடிப்பது
மீன்முள்ளை எடுப்பது மாதிரி,
இரண்டு விரலால், எப்போது குத்துமோ என்று.
ஒன்பது வயது. 'அ'வின் சுழி
எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்னும் நின்று யோசிப்பாள்.
விடையெல்லாம் வாய்க்குள் இருந்தன.
வாய்க்குத் தாள் தரவில்லை யாரும்.

இரண்டாவது, தேவகோட்டை ரஸ்தாவில்.
குறைபாடு என்று ஒரே ஒரு கோடு.
மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு
மேசைக்கடியில் போய்விடுவாள் என்று எழுதவா?
தயிர்சாதம் தொண்டையில் இறங்காது,
பொத்தான் போட அரைமணி ஆகும் என்றா?
அங்கிருந்த டீச்சர் அன்பானவர், பொய் சொல்லக்கூடாது.
கிண்ணத்தில் பாசிமணி தந்து
நூறு இருக்கு, கோத்துக் காட்டு கண்ணு, என்றார்.
இவள் தொடவில்லை. பார்த்தாள்.
தொண்ணூற்றேழுதான் இருக்கு,
பரவாயில்லை, இது எதாலும் வகுபடாது, என்றாள்.
டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார்,
நான்தான் வீட்டில் வைத்து
ஒப்பிக்கப் பழக்கியது போல.

கொத்தமங்கலம் கல்யாணத்தில்
ஒரு சின்னாத்தா கேட்டாள்:
இம்புட்டுக் கெட்டிக்காரிக்கு டாக்டர் எதுக்கு?
பக்கத்து இலையில் இன்னொருத்தி:
பாவம், இந்தப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?
இருவருக்கும் நடுவில்
கவுனி அரிசி ஆறிக்கொண்டிருந்தது.

வைரவன் கிள்ளானிலிருந்து கூப்பிடும்போது
இங்கே பத்து, அங்கே பன்னிரண்டரை.
ஐந்தொகை எடுத்தே பழகிய மனுஷர்.
ஏதாவது ஒரு பக்கம்தானே பதிய முடியும், என்றார்.
பேரேட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கே, என்றேன்.
அப்புறம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.

மூன்றாவதைப் பள்ளி என்று சொல்வதே கஷ்டம்.
கானாடுகாத்தான் விலக்குக்கு உள்ளே தள்ளி
ஓடாத ஒரு அரிசி மில்.
தவிட்டு வாசனை இன்னும் சுவரில் இருந்தது.
மணி கிடையாது. நேரம் முடிந்தால்
பச்சை விளக்கு ஒன்று எரிந்து அணைகிறது.
ஜெசிந்தா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும்,
கையெல்லாம் சுண்ணாம்புப் பொடி.
எட்டாவதுக்கு மேல் இங்கே இல்லை, என்றார்.
அப்புறம்?
தெரியலைங்க. அதுக்குள்ள ஒரு வழி பார்க்கணும்.
மற்ற இரண்டு இடத்திலும்
எல்லாம் தெரிந்திருந்தது அவர்களுக்கு.
இந்தத் தெரியலையைத்தான்
எனக்கு நம்பத் தோன்றியது.

அழகம்மை அதற்குள் தலைகளை எண்ணிவிட்டாள்.
பதினேழு. அவளுக்குப் பிடித்த எண்.
செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.
என்னடி?
நான் சேர்ந்தா பதினெட்டு ஆயிரும்.
கெட்டுப்போயிரும், ஆத்தா.

ஜெசிந்தா வாயைத் திறந்து மூடினார்.
எனக்கும் ஒன்றும் வரவில்லை.
மூலையில், தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து
நண்டு வரைந்துகொண்டிருந்த ஒரு பையன்,
வந்ததிலிருந்து ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்காதவன்,
நண்டுக்குச் சொல்வது போலச் சொன்னான்:
மிஸ்ஸையும் சேர்த்து எண்ணு.

திரும்பும் பஸ்ஸில் நான் கட்டணத்தைக் கூட்டினேன்.
தினம் போகவர டிக்கெட், ஒரு ஜோடி வளையல்,
விடிகாலையில் எழுந்து உலை வைப்பது,
எட்டாவதுக்கு அப்புறமான அந்தப் பெரிய வெட்டவெளி.
கூட்டிக் கூட்டிப் பார்த்தும் நேராகவில்லை.

கோட்டையூர் வரப்போகும்போது
ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்,
அந்தப் பையன் பேர் என்ன?
இவள் இதுவரை
எந்தப் பிள்ளையின் பேரையும் கேட்டதில்லை.
நானும்
கேட்காமல் வந்துவிட்டேன்.