மீள்வருகை விகிதம்

பாபுராவ் தெருவில் என் கடையில்
எதுவும் விற்பனைக்கில்லை.
குக்கர், வாணலி, ஒற்றை பர்னர் அடுப்பு,
மீன் நறுக்க அரிவாள்மனை,
எல்லாமே நாள் வாடகை.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துகளில்
அறையெடுத்துத் தங்கும் வங்காளத்துக்காரர்கள்
எங்கள் சாம்பாரை மூன்று நாள் பொறுத்துக்கொள்வார்கள்.
நான்காம் நாள் என்னிடம் வருவார்கள்.

"கத்தோ தின்?" என்பேன்.
எத்தனை நாள்?
மேலே பார்ப்பார்கள்.
டாக்டர் சொல்லாததை எனக்கு எப்படிச் சொல்வார்கள்.
ஐந்நூறு முன்பணம் வாங்கி நோட்டில் எழுதுவேன்:
மால்டா மண்டல், அறை 14, ஐந்து லிட்டர்.

சத்துவாச்சாரி மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை
சிறுவணிகர்களுக்குக் கம்பெனி பயிற்சி கொடுத்தது.
நீலப் பை, தொப்பி, எலுமிச்சை சாதம்.
"ஒருமுறை வரவைப்பது வியாபாரம் இல்லை,
திரும்ப வரவைப்பதே வியாபாரம்"
என்றவருக்குக் கைதட்டினோம்.
பக்கத்தில் பஞ்சர் ஒட்டும் இமானுவேல்
பலமாகத் தட்டினான்.
அவன் தொழிலுக்கு அது சரி.

பிறகு ஃபர்ஹானாவை அனுப்பினார்கள்.
கஸ்பாக்காரப் பெண். பி.எஸ்ஸி. முடித்து
அதே கம்பெனியிடம் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவள்.
ஐந்து கடைகளைப் போனுக்குள் ஏற்றி
ஐந்தும் வளர்ந்ததாய்க் காட்டினால்தான் சான்றிதழ்.
காலி சிலிண்டர்மேல் உட்கார்ந்து
போன வருட நோட்டை நான்கு நாளில் தட்டி முடித்தாள்.
சும்மா சொல்லக்கூடாது,
பதினொரு குக்கர் வந்து சேரவில்லை என்று
அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.
கேஸ்கட்டுக்கு மட்டும் வருடம் நாலாயிரம் போகிறதாம்.

ஐந்தாம் நாள் ஓரிடத்தில் நின்றாள்.
"ஆன்ட்டி, 'வாடிக்கையாளர் ஏன் திரும்ப வரவில்லை'ன்னு கேக்குது.
விலை, தரம், போட்டிக் கடை, இடமாற்றம்.
நாலுல ஒண்ணைத் தொடணும்."

நோட்டைப் புரட்டினேன்.
சில்ஹெட் அக்கா, ரிப்போர்ட்டுக்கு ஒரு முத்தம்,
எனக்கு ஒன்று கொடுத்து ரயிலேறியவள்.
ராஞ்சிக்காரர், அவர் குக்கரை
லாட்ஜ் பையன் கொண்டுவந்தான்,
உள்ளே சோறு அப்படியே இருந்தது.
இதில் எது விலை, எது தரம்?

ஃபர்ஹானா துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்தாள்.
துடைக்க அதில் ஒன்றும் இல்லை.
திரும்ப வராத அறுநூற்று எழுபது பேருக்கும்
'இடமாற்றம்' என்று போட்டாள்.

மாதக் கடைசியில் என் கடை சிவப்பில் வந்தது.
மீள்வருகை விகிதம்: இரண்டு சதவீதம்.
சென்னையிலிருந்து ஒரு சார் பேசினார்:
"அஞ்சாவது தடவை வர்றவங்களுக்கு
அடுப்பு இலவசம்னு ஒரு கார்டு அடிங்க."
ஸ்பீக்கரில் இருந்தது.
இரண்டு பேர் வாணலிக்குக் காத்து நின்றார்கள்.
நல்லவேளை, தமிழ் தெரியாது.
ஃபர்ஹானா சொன்னாள்:
"சார், இந்தக் கடைக்குச் சிவப்புதான் நல்லது."
அவர் ஹலோ, ஹலோ என்றார்.
லைன் நன்றாகத்தான் இருந்தது.

அவளுக்குச் சான்றிதழ் இன்னும் வரவில்லை.
நான்கு கடை வளர்ந்திருக்கிறது, இமானுவேலுடையதும்.
கம்பெனி கொடுத்த இருபதாயிரத்தில்
நான் எட்டு கரண்ட் அடுப்பு வாங்கினேன்,
லாட்ஜில் சிலிண்டர் கூடாது என்றுவிட்டார்கள்.
அட்டை செக்கைப் பிடித்துக்கொண்டு
போட்டோவுக்குச் சிரித்ததும் நிஜச் சிரிப்புதான்.

நேற்று பகல் மண்டலின் மனைவி வந்தாள்.
பின்னால் படியில் அவர், மாஸ்க்கோடு,
பாதியாய்.
எண்ணைத் தட்டினேன்.
போன் மணியடித்தது. திரையெங்கும் கலர்க் காகிதம் பறந்தது:
"வாழ்த்துகள்! உங்கள் பழைய வாடிக்கையாளர்
திரும்பி வந்துவிட்டார்!"

உள்ளங்கையால் மூடினேன்.
விரல்களுக்கடியில் மணி
இன்னும் கொஞ்ச நேரம் அடித்தது.
ஐந்து லிட்டரை எடுக்கப்போனேன்.
அவள் தலையசைத்துச் சின்னதைக் காட்டினாள்.
எத்தனை நாள் என்று கேட்கவில்லை.
கேஸ்கட் மட்டும்
புதிதாகப் போட்டுக் கொடுத்தேன்.